பழமொழித் திரிபும் அண்டைமொழிச் சான்றும்: பொழியூர் எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

0. முன்னுரை

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தின் கடற்கரை முடியும் இடத்தில் பொழியூர் அமைந்துள்ளது. அதனை அடுத்த கடற்கரை ஊராகிய நீரோடி கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்டன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அதுவரை ஒரே நிலப்பரப்பில் அடுத்தடுத்திருந்த விளவங்கோட்டிற்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே மாநில எல்லை ஏற்பட்டது. ஆயினும் பாறசாலையிலிருந்து பொழியூர் வரையுள்ள எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் இன்றும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டேயிருக்கின்றன.

ஊர்ப் பெயரே இதற்குச் சான்று. தமிழகத்தின் பிற பகுதியினர் 'பொழி' என்றதும் மழை பொழிதலை நினைப்பர். மலையாளத்திலும் கன்னியாகுமரித் தமிழிலும் 'பொழி' என்பது ஆறோ காயலோ மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும் வாய். இந்த ஊருக்குச் சற்று வடக்கே பூவாறில் நெய்யாறு கடலோடு கலக்கிறது. ஒரு சொல்லின் வழக்காற்றை அறியாதவர், தாம் அறிந்த சொல்லைக்கொண்டு அதனை விளக்கிக்கொள்கின்றனர். இந்த இயல்பே பழமொழிகளிலும் மரபுத்தொடர்களிலும் விரிந்த அளவில் செயற்படுகிறது.

'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன' என்பது தமிழ்ப் பழமொழி. இதற்கு இணையாக மலையாளத்தில் 'தலய்க்கு மீதெ வெள்ளம் வந்நால் அதுக்கு மீதெ தோணி' என்று வழங்குகிறது. முற்பகுதி ஏறத்தாழ ஒன்று; பிற்பகுதி வேறு. தமிழ் வடிவம் இனி அளந்து பயனில்லை என்கிறது. மலையாள வடிவம் அதற்கும் மேலே செல்லத் தோணி உண்டு என்கிறது. முற்பகுதியிலும் ஒரு நுட்பமான வேறுபாடு உள்ளது. பொதுத் தமிழில் 'வெள்ளம்' பெருக்கு. மலையாளத்தில் அது வெறும் நீர். கன்னியாகுமரித் தமிழிலும் நீர் என்ற பொருளில் வழங்குவதுண்டு. ஆகவே எல்லையில் வாழும் ஒருவர் தமிழ்ப் பழமொழியை ஓரெழுத்தும் மாற்றாமல் சொல்லும்போதே அதன் ஒரு சொல்லுக்கு வேறு பொருள் கொண்டிருக்கக்கூடும். அதை அவரும் உணரார்; கேட்பவரும் உணரார்.

இத்தகைய மாற்றங்களுள் மெய்யாக நிகழ்ந்தவை எவை, பின்னர்ப் புனைந்துரைக்கப்பட்டவை எவை என்று பிரித்தறியும் வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சிக்கல்

பழகிய சொல்லின் சாயலில் பழகாத சொல்லை மாற்றிக்கொள்ளும் போக்கிற்கு 'மக்கள் சொற்பிறப்பியல்' என்று பெயர். இதற்குரிய செருமானியச் சொல்லை எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமான் 1852இல் அறிமுகப்படுத்தினார். மரபுத்தொடர்களில் இப்போக்கு மூன்று வகையாகத் தோன்றுகிறது. தொடரில் உள்ள ஒலியைப் பிறழக் கேட்பது செவித்திரிபு. இரு தொடர்களின் பகுதிகள் இணைவது கலப்பு. சொல்வடிவம் மாறாமலோ சிறிதே மாறியோ புதுப்பொருள் பெறுவது மறுவிளக்கம்.

தமிழில் இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் கூறவேண்டியுள்ளது. 'இப்பழமொழியின் உண்மையான வடிவம் இதுவன்று. மக்கள் வாயில் திரிந்துவிட்டது. மூலம் இதுவே' என்று கூறி ஒரு புதிய வடிவத்தைத் தருவது அது. மேடைச் சொற்பொழிவுகளிலும் வார இதழ்த் துணுக்குகளிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் இவ்வகை விளக்கங்கள் மிகுதியாக வழங்குகின்றன. இதனைப் 'புனைமூலம்' எனக் குறிக்கலாம். செவித்திரிபில் பழைய வடிவம் முன்னும் புதிய வடிவம் பின்னும் உள்ளன. புனைமூலத்தில் புதிய வடிவமே பழையதாகக் காட்டப்படுகிறது.

இதனால் நேரும் இழப்பு சிறியதன்று. புனைமூலம் அகராதியில் ஏறினால் இல்லாத சொற்களும் இல்லாத பொருள்களும் மொழிவரலாற்றில் இடம்பெறுகின்றன. மொழிபெயர்ப்பில் ஏறினால் கதைமாந்தர் சொல்லாததைச் சொன்னவராகிறார். இவ்விரண்டினும் மேலாக, ஒரு சமூகம் தன் பழைய எண்ணங்களை எவ்வாறு வெளியிட்டது என்பதற்கான சான்று அழிகிறது.

2. ஒலிநிலைக் காரணங்கள்

செவித்திரிபு தற்செயலாக நிகழ்வதில்லை. பேச்சுமொழியில் எவ்வொலிகள் வேறுபாடு இழந்துள்ளனவோ அவ்விடத்தில்தான் அது மிகுதியும் தோன்றும். பேச்சுத்தமிழில் மூன்று இடங்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது சொல்முதல் இகர உகரங்கள் எகர ஒகரங்களாதல். இலை 'எலெ' ஆகிறது. விலை 'வெலெ' ஆகிறது. உடம்பு 'ஒடம்பு' ஆகிறது. இம்முறையில் 'குடை'யும் 'கொடை'யும் பேச்சில் ஒரே ஒலி பெறுகின்றன. இரண்டாவது, றகர இரட்டை தகர இரட்டையாதல். காற்று 'காத்து' என்றும், கற்றவன் 'கத்தவன்' என்றும், அற்றவன் 'அத்தவன்' என்றும் வழங்குகின்றன. மூன்றாவது, ழகரம் பல வட்டாரங்களில் ளகரத்தோடு ஒன்றுதல்.

இவற்றுள் பின்னிரண்டு ஒலிகளையும் மலையாளம் தனித்தனியே காத்து வருகிறது. மலையாளம் பேசுவோர் 'காற்று' என்பதைப் பல்லொலித் தகரத்தோடு மயங்க விடுவதில்லை. ழகரத்தையும் ளகரத்தோடு மயக்குவதில்லை. ஆகவே தமிழில் ஒலிமயக்கத்தால் ஐயம் எழும் இடத்தில், அதே பழமொழி மலையாளத்தில் இருக்குமாயின், ஐயமற்ற ஒரு சாட்சி நமக்குக் கிடைக்கிறது.

3. மெய்யான திரிபுக்கு ஓர் எடுத்துக்காட்டு

'ஏழரை நாட்டுச் சனி' என்னும் தொடரைத் தமிழர் அனைவரும் அறிவர். விடாது தொல்லை தருபவரைக் குறிக்கவும் அது பயன்படுகிறது. இதில் 'நாடு' எங்கிருந்து வந்தது? சோதிடக் கணக்கில் நாட்டிற்கு இடமில்லை. சனிக்கோள் ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் ஆகின்றன. 12 இராசிகளுக்குப் பகுத்தால் ஓர் இராசிக்கு ஏறத்தாழ 2½ ஆண்டு வரும். பிறந்த இராசிக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றைச் சேர்த்து மூன்று இராசிகளுக்கு 7½ ஆண்டு. ஆகவே தொடர் வேண்டுவது ஆண்டையே.

பழைய வடிவம் 'ஏழரையாட்டைச் சனி' என்பது. 'ஆண்டு' என்னும் மென்றொடர்க் குற்றியலுகரச் சொல், வருமொழியோடு புணரும்போது மெல்லெழுத்து வல்லெழுத்தாகி ஐகாரம் பெற்று 'ஆட்டை' ஆகும். 'இன்று' என்பது 'இற்றை நாள்' ஆவதும், 'அன்று' என்பது 'அற்றைக் கூலி' ஆவதும் இவ்வாறே. 'ஆட்டை' பேச்சில் அருகியபோது கேட்டவர் செவி, ஒலியால் நெருங்கிய 'நாட்டு' என்பதை அங்கே வைத்துக்கொண்டது. உடம்படுமெய் யகரம் இருந்த இடத்தில் நகரமும், ஐகாரத்தின் இடத்தில் உகரமும் வந்தன. தொடரின் ஏனைய பகுதிகள் அப்படியே நின்றன.

எல்லைக்கு அப்பால் இதற்கு இரு சாட்சிகள் உள்ளன. மலையாளத்தில் இதே சனி 'ஏழரச்சனி' என்றும் 'ஏழராண்ட சனி' என்றும் வழங்குகிறது; இரண்டாவது வடிவத்தில் ஆண்டு வெளிப்படையாகவே நிற்கிறது. மேலும் ஆண்டுதோறும் வரும் பிறந்தநாளை மலையாளத்தார் 'ஆட்டப்பிறந்நாள்' என்பர். தமிழ்ப் பேச்சில் அருகிய 'ஆட்டை' அங்கே உயிரோடிருக்கிறது.

இவ்வெடுத்துக்காட்டிலிருந்து மூன்று அளவைகளைப் பெறலாம். (அ) திரிபு ஒரே இடத்தில், ஒலியால் அண்மையான மாற்றமாக நிகழ்ந்திருக்கவேண்டும். (ஆ) மூலமாகக் கொள்ளப்படும் சொல் அப்பொருளில் மொழியில் வழங்கியிருக்கவேண்டும். (இ) உறவுமொழிகளில் இணையான தொடர் இருப்பின் அது மூலத்தோடு ஒத்துப்போகவேண்டும்.

4. புனைமூலங்கள்

இம்மூன்று அளவைகளையும் மக்களிடையே புகழ்பெற்ற சில விளக்கங்களோடு பொருத்திப் பார்ப்போம்.

4.1. 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பதன் மூலம் 'கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை' என்பர். கழு என்பது ஒரு கோரைப்புல். அதனால் பாய் தைத்தால் கற்பூரம் மணக்கும் என்பது விளக்கம். இங்கே நான்காம் வேற்றுமை உருபு செயவென் எச்சமாகவும், வினா ஆகாரம் 'ஆம்' என்னும் இடைச்சொல்லாகவும் மாறவேண்டும். பாயை முடைவதும் நெய்வதும் தமிழ் வழக்கு, தைப்பது இலையையே. முதலிரண்டு அளவைகளிலேயே விளக்கம் தளர்கிறது.

மூன்றாம் அளவை இதனை முற்றும் மறுக்கிறது. கன்னடத்தார் கழுதைக்குக் கஸ்தூரி மணம் தெரியுமா என்று கேட்கின்றனர். தெலுங்கர் சந்தன மணத்தைக் கூறுகின்றனர். அம்மொழிகளில் கழுதைக்குரிய சொற்கள் 'கத்தெ', 'காடித' என்பன. மலையாளத்தில் பூந்தானம் நம்பூதிரியின் ஞானப்பானயில், குங்குமப்பூவின் மணம் அறியாது அதனைச் சுமக்கும் கழுதை உவமையாகிறது. அங்குள்ள சொல் 'கர்த்தபம்' என்னும் வடசொல். சுசுருத சங்கிதையில் சந்தனம் சுமக்கும் கழுதை, பாரத்தை அறியுமேயன்றிச் சந்தனத்தை அறியாது என்னும் கருத்து உள்ளது; அங்குள்ள சொல் 'கரம்'. மணப்பொருள் மொழிக்கு மொழி மாறுகிறது, விலங்கு மாறவில்லை. இச்சொற்களுள் எதையும் 'கழு' எனப் பிரிக்க இயலாது. எனவே உவமை கழுதையைப் பற்றியதே.

4.2. 'குரைக்கிற நாய் கடிக்காது' என்பதை 'குழைகிற நாய் கடிக்காது' என்று திருத்துவர். குரைத்த நாய் கடித்ததைக் கண்ட பட்டறிவு இத்திருத்தத்திற்குக் காரணமாகலாம். மலையாளத்தில் இது 'குரய்க்குந்ந பட்டி கடிக்கில்ல' என்பது. ரகரமும் ழகரமும் அங்கே மயங்குவதில்லை. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே பழமொழி உண்டு. குரைத்தலுக்கு அங்கு 'பொகளு', 'மொருகு' என்னும் வினைகள் வருகின்றன. குழைதலோடு அவற்றிற்கு ஒலியொப்புமை இல்லை. பழமொழி சொல்வது விலங்கியல் செய்தியன்று. ஆரவாரம் செய்யும் மனிதரைப் பற்றிய மதிப்பீடு.

4.3. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பது சற்றுக் கடினமான வழக்கு. மூலம் 'ஆயிரம் வேரை' என்பர். மகரத்தை அடுத்த பகரம் ஒலிப்புடையதாவதால் 'பேரை', 'வேரை' என்பன செவிக்கு நெருங்கியவை. ஒலியளவில் மயக்கம் இயலக்கூடியதே. ஆனால் வேரை எவரும் கொல்வதில்லை. ஆகவே 'கொன்றவன்' என்பதையும் 'கண்டவன்' என மாற்றவேண்டியுள்ளது. ஒரு திருத்தம் மற்றொரு திருத்தத்தை வேண்டுவது ஐயத்திற்குரிய அடையாளம்.

மலையாளத்தில் 'அரவைத்யன் ஆளெக்கொல்லி' என்பர். அங்கேயும் அரைவைத்தியனும் ஆட்கொலையும் சேர்ந்தே வருகின்றன, வேர் இல்லை. இந்தியில் 'நீம் ஹகீம் கத்ரா-ஏ-ஜான்' என்னும் தொடர் உண்டு. 'நீம்' என்பது பாரசீகத்தில் அரை. அரைகுறை மருத்துவர் உயிருக்கு ஆபத்து என்பது பொருள். இந்தி பேசுவோருள் பலர் இந்த 'நீம்' என்பதை வேப்பமரம் எனக் கொண்டு, வேப்பிலை மருத்துவர் என்று விளங்கிக்கொள்கின்றனர். தமிழில் வேரும் இந்தியில் வேம்பும் ஒரே கருத்துடைய பழமொழிக்குள் நுழைந்திருப்பது காணத்தக்கது. மருத்துவரோடு மூலிகையை இணைத்துப் பார்க்கும் பழக்கம் இரண்டிலும் செயற்பட்டுள்ளது.

4.4. 'வக்கத்தவன் வாத்தியார், போக்கத்தவன் போலீஸ்' என்பதில் றகர இரட்டையின் மயக்கம் பயன்படுத்தப்படுகிறது. 'வக்கு அற்றவன்', 'போக்கு அற்றவன்' என்பன 'வாக்குக் கற்றவன்', 'போக்குக் கற்றவன்' எனப் படிக்கப்படுகின்றன. அவ்வாறாயின் பேச்சில் 'வாக்குக்கத்தவன்' என்றிருக்கவேண்டும். முதல் உயிர் குறுகவும் ஓர் அசை முழுதும் மறையவும் காரணமில்லை. சென்னை மாகாணத்தில் போலீசுத் துறை 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழுங்கமைக்கப்பட்டது. ஆகவே இன்றைய வடிவம் மிகப் பழமையானதாக இருத்தற்கில்லை. ஆசிரியப் பணிக்கு ஊதியமும் மதிப்பும் குறைந்திருந்த காலத்தின் கசப்பு இதில் உள்ளது. திருத்தம் அக்கசப்பைப் பாராட்டாக மாற்றிவிடுகிறது.

5. குடையும் கொடையும்

'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்' என்பதற்கும் ஒரு புனைமூலம் வழங்குகிறது. தன்னை அர்ப்பணித்து வாழ்பவன் அர்த்த ராத்திரியிலும் கொடை கொடுப்பான் என்பது அது. குடையும் கொடையும் பேச்சில் ஒன்றாவதை முன்னர்க் கண்டோம். கன்னியாகுமரிப் பகுதியில் அம்மன் கோயில் விழாவிற்கே 'கொடை' என்று பெயர். ஆதலால் அச்சொல் அங்குள்ளோர் நாவில் எளிதில் வருவது. எனினும் 'பிடிப்பான்' என்னும் வினை குடைக்கு உரியது. கொடை என்று கொண்டால் வினையையும் மாற்றவேண்டும். 'அற்பனுக்கு வாழ்வு வந்தால்' என்னும் வேற்றுமைத் தொடரையும் முழுதும் உடைத்து அமைக்கவேண்டும்.

மலையாள வடிவம் 'அல்பனு அர்த்தம் கிட்டியால் அர்த்தராத்ரி குட பிடிக்கும்' என்பது. தமிழில் றகரமான மெய் அங்கே லகரமாகவே நிற்றலின், 'அர்ப்பணித்தல்' என்பதோடு மயங்க வழியில்லை. 'பிடிக்கும்' என்னும் வினையும் மாறவில்லை.

இவ்விடத்தில் ஒலியியலுக்கு அப்பாலும் ஒன்று கருதத்தக்கது. குடை தென்னாட்டில் நெடுங்காலம் தகுதியின் சின்னம். 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் குடை பிடிக்கவும், காலணி அணியவும், பெண்கள் மேலாடை அணியவும் தடைகள் இருந்தன. மேலாடை உரிமைக்கான போராட்டத்தின் விளைவாக 1859இல் அரசாணை வந்தது. இன்றைய எல்லையின் இருபுறமும் அப்போராட்டத்தின் நிலம். இப்பழமொழி அங்கே பிறந்தது என்று கூறுவதற்கில்லை. அதன் பரப்பு பெரிது. ஆனால் அந்நாளில் அந்நிலத்தில் ஒருவர் இதைச் சொல்லியபோது, பகட்டைப் பற்றிய நகைச்சுவை மட்டும் கேட்டிருக்காது. உனக்கு உரியதல்லாத குடையை நீ பிடிக்கிறாய் என்னும் ஏளனமும் உடன் ஒலித்திருக்கும். கொடை என்று திருத்துவோர் நல்லெண்ணத்தோடுதான் திருத்துகின்றனர். ஆயினும் இழிவு செய்த சொல்லை அறவுரையாக்கிவிட்டால், இழிவு செய்யப்பட்டோரின் வரலாற்றிற்கு இருந்த ஒரு சான்று குறைந்துபோகிறது.

6. கலப்பு

புனைமூலம் பெரும்பாலும் எழுத்தறிந்தோர் செயல். கலப்போ பேசுவோர் செயல். மேற்காட்டிய 'அதுக்கு மீதெ தோணி' என்னும் மலையாளப் பழமொழியில் 'அதுக்கு' என்பது கருதத்தக்கது. இன்றைய மலையாளத்தில் அச்சொல்லின் நான்காம் வேற்றுமை வடிவம் 'அதினு' என்பது. தமிழோடு ஒத்த 'அதுக்கு' பழமொழிக்குள் உறைந்து நிற்கிறது. 2015இல் வெளியான 'ஐ' திரைப்படத்தின் 'அதுக்கும் மேல' என்னும் தொடர் மலையாளிகளிடம் 'அதுக்கும் மேலெ' என்று பரவியதும் இதனோடு வைத்து எண்ணத்தக்கது. அயல்மொழி வடிவம் மரபுத்தொடருக்குள் இருக்கும்போது அதனை எவரும் திருத்த முற்படுவதில்லை.

'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பது தமிழ். 'அடிதெற்றியால் ஆனயும் வீழும்' என்பது மலையாளம். இருமொழி அறிந்தவரிடம் இவ்விரண்டும் அருகருகே இருக்கின்றன. ஒன்றின் தொடக்கத்தை மற்றொன்றின் முடிவோடு சேர்ப்பது அவருக்குப் பிழையாகத் தோன்றாது, பொருளும் கெடாது. தலைக்கு மேல் வந்த வெள்ளத்தில் நிலை வேறு. அங்கே சாணும் முழமும் சொல்பவர் கைவிடுகிறார். தோணி சொல்பவர் கைவிடவில்லை. முற்பகுதியை மட்டும் கூறி நிறுத்திவிடுவது பழமொழி பேசுவோரின் இயல்பு. அவ்வாறு நிறுத்தினால் எந்த முடிவு கருதப்பட்டது என்பதைக் கேட்பவரே நிரப்பவேண்டும். எல்லைப்புறப் பேச்சைப் பெயர்ப்போர் இவ்விடத்தில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

7. அளவைகளின் எல்லை

அண்டைமொழிச் சான்றையும் அளவறிந்தே பயன்படுத்தவேண்டும். ஒரு பழமொழி திரிந்த பின்னரே அண்டைமொழிக்குச் சென்றிருக்கலாம். அப்போது இரு மொழிகளின் ஒற்றுமை பழமையைக் காட்டாது. கழுதை, நாய் ஆகிய எடுத்துக்காட்டுகள் வலிமை பெறுவது, கருத்து ஒன்றாகவும் சொற்கள் தொடர்பற்றனவாகவும் இருப்பதனால்தான். அண்டைமொழியில் இணைப் பழமொழி கிடைக்காமை எதையும் நிறுவாது. அவ்விடங்களில் பழந்தொகுப்புகளே துணை. பெர்சிவல் 1874இல் வெளியிட்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளின் தொகுப்பும், யென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பகுத்த தொகுப்பும், மலையாளத்தில் குண்டர்ட்டு 1850இல் வெளியிட்ட 'ஒராயிரம் பழஞ்சொல்' என்பதும் புனைமூலங்கள் பெருகுவதற்கு முற்பட்ட சாட்சிகள். பழமொழி நானூறு அதனினும் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பதைச் சஷ்டி நோன்பாகவும் கருப்பையாகவும் விரிப்பது போன்றவற்றைப் பிழை என்று ஒதுக்குவதும் முறையன்று. அது சிலேடை மரபின் தொடர்ச்சி. காளமேகம் முதலியோர் வளர்த்த அக்கலையில் ஒரே தொடர் இரு பொருள் தருவது சுவை. சிலேடையைச் சொற்பிறப்பியலாகக் கொள்ளும்போதுதான் இடர் நேர்கிறது.

8. முடிவுரை

அகராதியாளரும் மொழிபெயர்ப்பாளரும் இச்சிக்கலை ஒரே வகையில் எதிர்கொள்ள இயலாது. அகராதியாளர் வரலாற்றிற்குக் கடமைப்பட்டவர். பழைய வடிவத்தைத் தலைச்சொல்லாகத் தந்து, புதிய விளக்கத்தை மறுவிளக்கம் என்று பெயரிட்டு, அது தோன்றும் காலத்தோடு பதிவுசெய்வது அவர் பணி. மொழிபெயர்ப்பாளர் பேசுபவருக்குக் கடமைப்பட்டவர். ஒரு கதைமாந்தர் சட்டியைச் சஷ்டி என்று நம்பிச் சொன்னால், அங்கே நோன்பையே பெயர்க்கவேண்டும். அகப்பையைப் பெயர்த்தால் வரலாறு பிழைக்கும், கதைமாந்தர் பிழைக்கமாட்டார்.

'ஏழரை நாட்டுச் சனி' இன்று திருத்தவேண்டிய பிழையன்று; அது தமிழ். அதனுள் ஆண்டு மறைந்திருப்பதை அறிந்துவைத்திருப்பதே நம் பணி. அதனை அறிய ஆட்டப்பிறந்நாள் கொண்டாடும் அயலாரிடம் கேட்டால் போதும். எல்லையோரப் பேச்சுகளைத் தூய்மையற்றவை என்று ஒதுக்காமல் பதிவுசெய்வது, இருமொழிகளின் வரலாற்றிற்கும் ஒருங்கே பயன்தரும்.